மந்திரமும் மளிகைக் கணக்கும்

பாத்திரமேற்று ஆடும் விளையாட்டு என்பது நான்கைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு கற்பனை மாந்தரின் வேடத்தை ஏற்று, அம்மாந்தர் அடுத்து என்ன செய்கிறார் என்பதை வாயால் சொல்லியே நடத்தும் ஆட்டமாகும். அவர்களுள் ஒருவர் மட்டும் தமக்கென ஒரு வேடத்தை வைத்துக்கொள்ளாமல் அக்கற்பனை உலகம் முழுவதற்கும் பொறுப்பேற்று, பிறர் சொல்லும் ஒவ்வொரு செயலுக்கும் என்ன விளைவு உண்டாகும் என்று தீர்ப்புச் சொல்வார். அவரை ஆட்ட நடுவர் என்று அழைக்கலாம். விளைவு இன்னதுதான் என்று உறுதியாகச் சொல்ல முடியாத இடங்களில் பகடை உருட்டப்படும். 1974-இல் அமெரிக்காவில் அச்சேறிய 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இவ்வகையில் விற்பனைக்கு வந்த முதல் விளையாட்டாகும். அதன் உலகில் டிராகன்களும் மந்திரவாதிகளும் இருந்தனர். அதே உலகில் கயிற்றுக்கு விலையும், உணவுக்குக் காலக்கெடுவும், தோளில் சுமக்கும் மூட்டைக்கு எடையும் இருந்தன. இவ்விரு வகைப் பொருள்களும் ஓர் உலகில் எவ்வாறு முரணின்றி அடங்கும் என்னும் சிக்கல், அன்று தொடங்கி ஐம்பது ஆண்டுகளாக இவ்விளையாட்டுகளின் விதிகளை எழுதியவர்களை விடாமல் தொடர்ந்து வந்திருக்கிறது.

சொல்லக் கேட்கும் கதைக்கு இச்சிக்கல் பெரிதாக இல்லை. மந்திரவாதி ஒரு சொல்லால் மாளிகை எழுப்பினான் என்று கதை சொன்னால், அவ்வூர்க் கொத்தனார்களின் பிழைப்பு என்னவாயிற்று என்று கேட்பவர் கேட்பதில்லை. கேட்டாலும் அதனால் அவருக்கு ஆவது ஒன்றுமில்லை. ஆட்டக்காரரின் நிலை வேறு. மாளிகை எழுப்பும் மந்திரம் தம் கையில் இருக்குமானால் அதை விற்றுப் பணம் பண்ணலாமா, கோட்டை கட்டலாமா, பகைவரின் கோட்டைக்கு மேல் அதை எழுப்பி விழச்செய்யலாமா என்றெல்லாம் அவர் கேட்பார். அக்கேள்விகளால் அவருக்கு ஆட்டத்தில் ஆதாயம் உண்டு. நடுவரும் அப்போதே விடை சொல்லியாக வேண்டும். எனவே கதாசிரியன் மூடிவைக்கக்கூடிய ஓட்டைகள் அனைத்தும் ஆட்ட மேசையில் திறந்துகொள்கின்றன.

மெய்ம்மையையும் மந்திரத்தையும் தராசின் இரு தட்டுகளாகக் கொண்டு, எதை எவ்வளவு வைப்பது என்று அளவு பேசுவது இத்துறையில் வழக்கமாகிவிட்டது. வரலாற்றைப் பார்த்தால் இப்பேச்சு போதுமானதாகத் தோன்றவில்லை. இவ்விளையாட்டுகளுக்குள் மந்திரம் போர்க்களத்திலிருந்து வந்தது; சாமான்களின் கணக்கோ பாதாளத்தில் புதையல் தேடிச் செல்லும் பயணத்தின் தேவையிலிருந்து வந்தது. உழுது விதைத்து வாழும் சிற்றூர் இரண்டிலும் இல்லை. அச்சிற்றூர் பின்னர் வந்து தன் இடத்தைக் கேட்டபோதுதான் இரண்டும் ஒன்றோடொன்று மோதின.

போர் விளையாட்டின் வழிமுறை பழையது. பிரஷ்யப் படை அதிகாரியான கேயார்க் ஃபான் ரைஸ்விட்ஸ் 1824-இல் வெளியிட்ட விதிகள், வரைபடத்தின் மேல் படைகளை நகர்த்திப் போரைப் பயிலும் முறையை வகுத்து, அதில் இரு தரப்புக்கும் பொதுவான நடுவர் ஒருவரையும் அமர்த்தின. அமெரிக்கப் படை அதிகாரி சார்லஸ் டாட்டன் 1880-இல் எழுதிய 'ஸ்ட்ராட்டிகோஸ்' என்னும் நூலும் இம்மரபைச் சேர்ந்ததே. 1960-களின் பிற்பகுதியில் மினசோட்டா மாநிலத்தைச் சேர்ந்த டேவிட் வெஸ்லி இந்நூலிலிருந்து நடுவரின் அதிகாரத்தை எடுத்துக்கொண்டு, ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் படைப்பிரிவுக்குப் பதிலாகத் தனி மனிதர் ஒருவரின் பொறுப்பை அளித்து, 'பிரவுன்ஸ்டைன்' என்ற பெயரில் ஆட்டம் ஒன்றை நடத்தினார். அவருடைய நண்பர் டேவ் ஆர்னசன் அம்முறையைக் கற்பனை நாடு ஒன்றுக்குக் கொண்டுபோய், 'பிளாக்மோர்' என்னும் கோட்டையையும் அதன் அடியில் விரியும் நிலவறைகளையும் படைத்தார்.

மந்திரம் வந்த வழி இதற்கு இணையாக ஓடியது. விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனிவா என்னும் சிற்றூரில் வாழ்ந்த கேரி கைகாக்ஸ், ஜெஃப் பெரனுடன் சேர்ந்து 1971-இல் 'செயின்மெயில்' என்ற பெயரில் இடைக்காலப் போருக்கான விதிநூல் ஒன்றை வெளியிட்டார். ஒரு சிறு பொம்மை இருபது போர்வீரர்களைக் குறிக்கும் என்னும் அளவில் அமைந்த அந்நூலின் கடைசிப் பகுதியாகக் கற்பனைப் போருக்கான பிற்சேர்க்கை ஒன்று இணைக்கப்பட்டிருந்தது. அதில் வரும் மந்திரவாதி எறியும் நெருப்புக்கோளம் பெரிய கவண்பொறியின் கல் விழும் பரப்பளவுக்கு அழிவு செய்யும். அவன் வீசும் மின்னல் பீரங்கிக் குண்டின் பாதையைப் போல நேர்கோட்டில் பாயும். கல்லெறி பொறிக்கும் பீரங்கிக்கும் ஏற்கெனவே எழுதப்பட்டிருந்த விதிகளை அப்படியே மந்திரவாதிக்கு மாற்றிக் கொடுத்தால் வேலை எளிதில் முடிந்தது. இவ்வகையில் மந்திரவாதி என்பவன் நடமாடும் பீரங்கிப் படை. 1978-இல் கைகாக்ஸ் எழுதிய பிந்தைய விதிநூலில் நெருப்புக்கோள மந்திரத்துக்கு வேண்டிய பொருள்களாக வௌவால் எச்சமும் கந்தகமும் குறிக்கப்பட்டிருப்பதைக் கவனித்தால் இப்பிறப்பு இன்னும் தெளிவாகும். வௌவால் எச்சத்திலிருந்து வெடியுப்புக் கிடைக்கும். கந்தகமும் கரியும் சேர்ந்தால் அதுவே வெடிமருந்து. கைகாக்ஸ் இதைச் சிரித்துக்கொண்டே எழுதியிருக்க வேண்டும்.

ஆர்னசன் 1972-இன் பிற்பகுதியில் லேக் ஜெனிவாவுக்கு வந்து தம் ஆட்டத்தைக் கைகாக்ஸுக்கு நடத்திக் காட்டினார். இருவரும் சேர்ந்து எழுதிய விதிகளை வெளியிடுவதற்கென்றே கைகாக்ஸ் தம் இளமைக்கால நண்பர் டான் கேயுடன் 1973-இல் டி.எஸ்.ஆர். என்று பின்னர் சுருக்கமாக அழைக்கப்பட்ட நிறுவனத்தைத் தொடங்க, 1974-இல் மூன்று சிறு நூல்களை அடக்கிய பெட்டியாக அவை வெளிவந்தன. முதல் அச்சு ஆயிரம் பெட்டிகள். விலை பத்து டாலர். அம்மூன்றனுள் முதல் நூலில் இடம்பெற்றுள்ள சாமான் பட்டியல் இவ்விளையாட்டின் இயல்பைப் பிற பக்கங்கள் அனைத்தையும்விட நன்றாகக் காட்டுகிறது. ஆட்டக்காரர் மூன்று பகடைகளை உருட்டி, வரும் எண்ணைப் பத்தால் பெருக்கி, அத்தனை பொற்காசுகளோடு தொடங்குவார். அதாவது முப்பதிலிருந்து நூற்றெண்பது காசுக்குள். வாள் பத்துக் காசு, தகட்டுக் கவசம் ஐம்பது, கோவேறு கழுதை இருபது. ஐம்பதடிக் கயிறு ஒரு காசு, பத்தடி நீளக் கழி ஒரு காசு, ஆறு தீப்பந்தங்கள் ஒரு காசு. நிலவறைப் பயணத்துக்கென்று தனியாகத் தயாரித்த கெடாத உணவு ஒருவருக்கு ஒரு வாரத்துக்குப் பதினைந்து காசு. சாதாரண உணவு ஐந்தே காசு. அதே பட்டியலில், அதே எழுத்தில், இரத்தம் குடிக்கும் பேயை விரட்டுவதற்கான பூண்டும், அதன் நெஞ்சில் அடிப்பதற்கான மரமுளையும் சுத்தியலும், புனித நீர்க் குப்பியும் விலையோடு வரிசையாக நிற்கின்றன. கயிற்றுக்கும் புனித நீருக்கும் இடையே கோடு எதுவும் போடப்படவில்லை.

இப்பட்டியல் இடைக்கால வாழ்க்கையைப் படம்பிடிப்பதற்காக எழுதப்பட்டதன்று. நிலவறைக்குள் செல்பவர் வெளியே கொண்டுவரும் பொன் ஒவ்வொன்றுக்கும் ஓர் அனுபவப் புள்ளி பெறுவார். புள்ளிகள் சேரச்சேர அவருடைய மாந்தர் ஆற்றலில் ஒரு படி உயர்வார். ஆகவே ஆட்டத்தின் முழு விசையும் எவ்வளவு பொன்னைச் சுமந்து உயிரோடு திரும்ப முடியும் என்பதில் அடங்கியது. சுமக்கும் எடை கூடினால் நடை தளரும். நடை தளர்ந்தால் நேரம் கூடும். நேரம் கூடினால் பந்தம் அணையும், உணவு தீரும், இருளில் திரியும் விலங்குகள் எதிர்ப்படும் வாய்ப்பும் பெருகும். எடையின் அளவே பொற்காசுதான்: கவசம் இத்தனை காசு எடை, வாள் இத்தனை காசு எடை என்று விதிகள் பேசின. பின்னர் வந்த விதிநூல் பத்துக் காசு ஒரு பவுண்டு என்று வரையறுத்தபோது, ஒரு காசின் எடை ஏறத்தாழ 45 கிராம் ஆயிற்று. ஃபுளோரன்ஸ் நகரம் 1252 முதல் அடித்து வெளியிட்ட ஃபுளோரின் என்னும் பொற்காசின் எடை மூன்றரை கிராம் மட்டுமே என்பதோடு ஒப்பிட்டால், இக்கற்பனைக் காசு அதைப்போல் பதின்மூன்று மடங்கு கனமானது. மெய்யான நாணயத்தைப் போலச் செய்வது நோக்கமாக இருந்திருந்தால் இது பெரும் பிழை. புதையலைச் சுமப்பதைக் கடினமாக்குவதே நோக்கமாக இருந்ததால் இது சரியான எடை. 1989-இல் வந்த இரண்டாம் பதிப்பு ஒரு பவுண்டுக்கு ஐம்பது காசு என்று மாற்றியது. அதற்குள் புதையலைச் சுமப்பது ஆட்டத்தின் மையமாக இல்லாமல் போயிருந்தது.

இப்பின்னணியில் நிலவறை மந்திரங்களின் பட்டியலைப் படித்தால் அதன் தருக்கம் விளங்குகிறது. ஒவ்வொரு மந்திரமும் ஏதேனும் ஒரு தடையை நீக்குகிறது. இருளுக்கு ஒளி மந்திரம், பூட்டுக்குத் திறப்பு மந்திரம், பசிக்கு உணவு படைக்கும் மந்திரம், எடைக்கு மாயப் பை. தடைகள் கடுமையாக இருக்கும்வரைதான் இவற்றுக்கு மதிப்பு. மேலும் மந்திரங்கள் எண்ணிக்கையாலும் கட்டுப்பட்டிருந்தன: மந்திரவாதி ஒவ்வொரு மந்திரத்தையும் காலையில் மனப்பாடம் செய்து, ஒருமுறை சொன்னதும் மறந்துபோவான். அமெரிக்க எழுத்தாளர் ஜாக் வான்ஸ் 1950-இல் வெளியிட்ட 'தி டையிங் எர்த்' என்னும் கதைத்தொகுதியிலிருந்து இக்கருத்து எடுக்கப்பட்டது. துப்பாக்கியில் குண்டு தீர்வதைப் போல மந்திரவாதியிடம் மந்திரம் தீர்ந்துபோக வேண்டும் என்பதே இங்கும் அடியில் கிடக்கும் எண்ணம்.

சிக்கல் நிலவறையின் வாயிலுக்கு வெளியே தொடங்கியது. அதைக் காட்டுவதற்கு ஒரே ஒரு மந்திரத்தின் வரலாறு போதும். 1974-ஆம் ஆண்டு விதிகளில் மூன்றாம் படியை எட்டிய மந்திரவாதிக்கு 'தொடரும் ஒளி' என்னும் மந்திரம் கிடைக்கும். அதனால் உண்டாக்கிய ஒளி, வேறொரு மந்திரத்தால் கலைக்கப்படும்வரை அணையாது. அதற்குச் செலவு எதுவும் இல்லை. நிலவறைக்குள் இது நல்ல கருவி. பந்தம் ஏந்தும் கை ஒன்று மிச்சமாகும். ஆனால் பெரிய ஆற்றல் ஏதும் இல்லாத மந்திரவாதி ஒருவன் ஊரில் உட்கார்ந்துகொண்டு நாளுக்கு ஓர் ஒளியைப் படைத்தால், ஓராண்டில் 365 அணையா விளக்குகள் இருக்கும். ஒரு தலைமுறைக்குள் நகரத்தில் எண்ணெய் விளக்கு ஏற்றுபவர் இருக்க மாட்டார். விதிகளில் வரும் நகரங்களிலோ எண்ணெயும் பந்தமும் விற்றுக்கொண்டே இருந்தன. உணவு படைக்கும் மந்திரத்தையும் நோய் தீர்க்கும் மந்திரத்தையும் இவ்வாறே நீட்டிப் பார்த்தால் பஞ்சமும் கொள்ளைநோயும் இல்லாத உலகம் கிடைக்க வேண்டும். நூல்கள் காட்டியதோ பஞ்சமும் கொள்ளைநோயும் நிறைந்த இடைக்கால ஐரோப்பாவின் சாயல்.

கைகாக்ஸ் இதை அறியாதவர் அல்லர். 1978-இல் வெளியான ஆட்டக்காரர் கையேட்டில், சாமான்களின் விலை ஏன் இவ்வளவு உயர்ந்திருக்கிறது என்பதற்கு அலாஸ்காவின் தங்க வேட்டைக் காலத்தில் முட்டைக்கும் மண்வெட்டிக்கும் விலை ஏறியதை அவர் எடுத்துக்காட்டினார். புதையலோடு திரும்புபவர்கள் ஊருக்குள் பொன்னைக் கொட்டினால் விலை ஏறத்தானே செய்யும் என்பது அவ்விளக்கம். விலைவாசிக்கு இது பொருத்தமானது. அணையா விளக்குக்கு இது விடையாகாது. அதே ஆண்டு 'தி டிராகன்' இதழில் எழுதிய கட்டுரையில் அவர் மெய்ம்மை என்னும் கோரிக்கையையே எதிர்த்து, ஆட்டத்துக்கு ஆட்டத்தின் தருக்கம் போதும் என்று வாதிட்டார். இதற்கு மாறாக, மறு ஆண்டு அவர் வெளியிட்ட ஆட்ட நடுவர் கையேடு, நோய்களுக்கான அட்டவணை, கூலியாள்களின் மாதச் சம்பளம், கோட்டைச் சுவர் எழுப்பும் செலவு, வரியும் சுங்கமும் என்று மெய்ம்மையின் சுமையைத் தாங்கித் தடித்திருந்தது. கோட்பாட்டில் மறுத்ததை நடைமுறையில் அவரால் விட முடியவில்லை.

இம்முரணைப் பொறுக்காதவர்கள் வேறு விளையாட்டுகளை எழுதினர். கனடாவின் எட்மண்டன் நகரைச் சேர்ந்த எட் சிம்பாலிஸ்ட்டும் வில்ஃப் பேக்ஹவுஸும் 1977-இல் வெளியிட்ட 'ஷிவல்ரி அண்ட் சார்சரி', நிலமானிய முறையை, அதாவது நிலத்தை மேலிருந்து கீழாகப் பகிர்ந்தளித்து அதற்கு ஈடாகப் படைப்பணியும் உழைப்பும் பெறும் சமூக அமைப்பை, ஆட்டத்தின் அடித்தளமாக்கியது. ஆட்டக்காரரின் மாந்தர் எந்தக் குலத்தில், தந்தைக்கு எத்தனையாவது பிள்ளையாகப் பிறந்தார் என்பதையே பகடை முதலில் முடிவுசெய்தது. கண்ணைக் குத்தும் நுண்ணிய எழுத்தில் அச்சிடப்பட்ட அந்நூலைப் படித்தவர்களைவிடப் புகழ்ந்தவர்கள் மிகுதி.

மறு ஆண்டு வந்த 'ரூன்குவெஸ்ட்' இன்னும் அடிப்படையான மாற்றத்தைச் செய்தது. கிரெக் ஸ்டாஃபர்ட் படைத்த குளோராந்தா என்னும் வெண்கலக் கால உலகுக்கு ஸ்டீவ் பெரினும் உடனிருந்தோரும் எழுதிய விதிகள் அவை. 1966-இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் தொடங்கிய, இடைக்காலப் போர்க்கலையை உடலால் பயிலும் சங்கத்தின் தொடக்ககால உறுப்பினர் பெரின். கேடயத்தோடு நின்று அடி வாங்கிய அனுபவம் அவர் எழுதிய விதிகளில் தெரியும்: வெட்டு காலில் பட்டதா தலையில் பட்டதா என்று பகடை கேட்கும், காலில் பட்டவர் கீழே விழுவார். இவ்வளவு கடுமையான உடல் மெய்ம்மையை ஒரு பக்கம் வைத்துவிட்டு, மறுபக்கம் மந்திரத்தை எல்லாருக்கும் பொதுவாக்கினர். அவ்விதிகளில் மந்திரவாதி என்று தனி வகுப்பு கிடையாது. வாளைச் சற்றுக் கூராக்குவது, காயத்தைச் சற்று ஆற்றுவது, உடைந்ததை ஒட்டுவது போன்ற சிறு மந்திரங்களைப் போர்வீரரும் இடையரும் அவரவர் வழிபடும் தெய்வத்தின் கோயிலில் வெள்ளிக்காசு கொடுத்துக் கற்றுக்கொள்வர். மண்ணில் கிடைக்கும் வெண்கலமே பழந்தெய்வங்களின் எலும்பு என்பது அவ்வுலகின் நம்பிக்கை. அங்கு அது உண்மையும்கூட. மந்திரத்தைச் சிலரின் கையில் குவித்து, அதனால் உலகம் ஏன் மாறவில்லை என்று விழிப்பதைக் காட்டிலும், எல்லாருக்கும் பகிர்ந்துகொடுத்து, உலகம் அதனால் ஏற்கெனவே மாறியிருக்கிறது என்று தொடங்குவது எவ்வளவு எளிய வழி என்பதை ஸ்டாஃபர்ட் கண்டுகொண்டார். இத்துறையின் வரலாற்றில் இதற்கு நிகரான கூர்மையான கண்டுபிடிப்பு வேறில்லை என்று சொல்லலாம்.

இதற்கு எதிர்த்திசையில் நடந்தவர் கனடாவில் வாழ்ந்த ராபின் கிராஸ்பி. 1983-இல் வெளிவந்த அவருடைய ஹார்ன் என்னும் தீவு, மந்திரத்தை முடிந்த அளவு குறைத்து, சிற்றூரை முடிந்த அளவு விரித்துக் காட்டியது. மந்திரவாதிகள் இருக்கின்றனர், ஆனால் தங்கள் அமைப்பின் கட்டுப்பாட்டுக்கு அடங்கிக் கலையை வெளியார் கண்ணில் படாமல் காக்கின்றனர். பண்ணையின் பரப்பு, குடியானவரின் கட்டாய உழைப்பு நாள்கள், கைத்தொழில் சங்கங்களின் தனியுரிமை ஆகியவை அட்டவணைகளாக விரிகின்றன. ஹார்ன் உலகுக்கென 1986-இல் வந்த விதிகளில் போரில் தப்பியவர் பின்னர்ப் புண் சீழ்பிடித்து இறக்கலாம். அதிகாரபூர்வமான நூல்கள் அனைத்தும் அவ்வுலகின் 720-ஆம் ஆண்டிலேயே நின்றுவிடுகின்றன; அதன் பின் நடப்பது அந்தந்த ஆட்ட மேசையின் பொறுப்பு. அதே 1986-இல் இங்கிலாந்தில் வெளியான 'வார்ஹேமர்' விளையாட்டிலும் பகடை உருட்டிப் பார்ப்பவருக்கு எலி பிடிக்கும் தொழில் வாய்க்கலாம். வாய்த்தால் சிறியதும் வெறிகொண்டதுமான ஒரு நாய் உடன் கிடைக்கும்.

ஜோனதன் ட்வீட்டும் மார்க் ரைன்ஹாகனும் 1987-இல் வெளியிட்ட 'ஆர்ஸ் மாஜிகா' மெய்ம்மை என்னும் கருத்தையே புதிதாக வரையறுத்தது. அதன் களம் பதின்மூன்றாம் நூற்றாண்டு ஐரோப்பா. ஆனால் இன்றைய வரலாற்றாசிரியர் அறிந்த ஐரோப்பா அன்று, அக்காலத்து மக்கள் நம்பிய ஐரோப்பா. காட்டில் தேவதைகள் உண்டு, நோய் உடலின் நால்வகை நீர்மங்கள் சமன்குலைவதால் வருகிறது, பொருள்களின் இயல்பு அரிஸ்டாட்டில் சொன்னபடியே நடக்கிறது. எனவே மந்திரம் அவ்வுலகின் இயற்கைக்குப் புறம்பான விருந்தாளி அன்று. இந்நிலையில், மிகுந்த ஆற்றலுடைய மந்திரவாதிகள் ஏன் நாடுகளை ஆளவில்லை என்னும் கேள்விக்கு அவ்விளையாட்டு ஒன்றன்மேல் ஒன்றாக விடைகளை அடுக்கியது. பிறவியிலேயே மந்திர ஆற்றல் வாய்த்தவரைக் கண்டால் மனிதரும் விலங்குகளும் காரணமின்றி வெறுப்பும் ஐயமும் கொள்வர். ஆகவே அவர்களால் சந்தையில் பேரம்கூடப் பேச முடியாது. தேவாலயத்தின் புனிதம் படர்ந்த இடத்தில் மந்திரம் வலுவிழக்கும். மக்கள் வாழும் ஊரெல்லாம் அத்தகைய இடமே. அரசர் விவகாரங்களில் தலையிடக் கூடாது என்று மந்திரவாதிகளின் சங்கமே தடை விதித்திருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, அரிதாகக் கிடைக்கும் மந்திரச் சத்து ஒன்றைச் செலவிடாமல் படைத்த பொருள் நிலைக்காது; அவ்வாறு படைத்த சோற்றை உண்டவருக்கு மந்திரத்தின் கால எல்லை முடிந்ததும் பசி திரும்பிவிடும்.

இவ்விளையாட்டின் ஆட்டக்காரர் ஒவ்வொருவரும் மந்திரவாதி ஒருவரையும் அவருடைய தோழர் ஒருவரையும் தமக்கென வைத்துக்கொண்டு, வாயிற்காவலர், குதிரைக்காரர் போன்ற ஊழியர்களைப் பொதுவாகப் பகிர்ந்து ஆடுவர். மந்திரவாதிகள் கூடிவாழும் மடத்துக்கு வருமானம் வேண்டும். கம்பளியா, மீன்பிடியா, வெள்ளிச் சுரங்கமா என்று அதற்கான வழியைத் தேட வேண்டும். ஒரு மந்திரவாதி ஆய்வுக்கூடத்தில் ஒரு பருவம் முழுவதும், அதாவது மூன்று மாதம், அமர்ந்து நூல் ஒன்றைக் கற்கும்போது, அம்மடத்தின் தானியத்தை எலி தின்னாமல் பார்ப்பவர் வேறொருவர். அவரும் ஆட்ட மேசையில் ஒருவருடைய மாந்தரே. மந்திரவாதியின் மேன்மை யாருடைய உழைப்பின்மேல் நிற்கிறது என்பது விரிவுரை இல்லாமலே புலப்படுகிறது.

ட்வீட் பின்னர் மான்ட்டி குக், ஸ்கிப் வில்லியம்ஸ் ஆகியோருடன் சேர்ந்து டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் மூன்றாம் பதிப்பை எழுதினார். 2000-இல் வந்த அப்பதிப்பு ஆர்ஸ் மாஜிகாவின் வழியில் செல்லாமல், மந்திரப் பொருள் அனைத்துக்கும் விலை குறித்துச் சந்தைக்குக் கொண்டுவந்தது. எண்பது பேருக்கு மேல் இல்லாத குக்கிராமத்தில் நாற்பது பொற்காசுக்கு மேற்பட்ட பொருள் கிடைக்காது, பெருநகரத்தில் ஒரு லட்சம் காசுவரை கிடைக்கும் என்று ஊரின் அளவுக்கேற்ற வரம்பும் விதித்தது. கைத்தொழில் அறியாத கூலியாளின் நாள் ஊதியம் ஒரு வெள்ளிக்காசு; பத்து வெள்ளி ஒரு பொன். 2003-இல் திருத்தப்பட்ட விதிகளின்படி மிகக் குறைந்த மந்திர ஆற்றல் கொண்ட நீள்வாளின் விலை 2,315 பொற்காசு. ஒரு கூலியாள் ஒரு நாளும் விடாமல் உழைத்து, ஒரு காசும் உண்ணாமல் சேர்த்தால், அவ்வாளை வாங்க அறுபத்து மூன்று ஆண்டுகள் ஆகும். இவ்விரு எண்களும் ஒரே விதித்தொகுதியில் அச்சாகியிருந்தாலும் ஒன்றையொன்று சந்திப்பதே இல்லை.

விலைப்பட்டியல் இருக்கும் இடத்தில் ஓட்டையைத் தேடுவோரும் இருப்பர். பத்தடி ஏணி ஐந்து செம்புக்காசு, பத்தடிக் கழி இரண்டு வெள்ளிக்காசு என்று இருந்ததால், ஏணியை வாங்கிப் படிகளைக் கழற்றி இரண்டு கழிகளாக விற்றாலே எட்டு மடங்கு பணம் என்று ஆட்டக்காரர்கள் கணக்குப் போட்டுச் சிரித்தனர். இரும்புச் சுவர் எழுப்பும் மந்திரம் சிரிப்போடு நிற்கவில்லை. ஐம்பது பொன் செலவில் எழும் அச்சுவரை வெட்டி எடைபோட்டு விற்றால் இரும்புச் சுரங்கங்களை மூடிவிடலாம். அவ்விதிகளின் வழித்தோன்றலாக 2009-இல் வெளிவந்த 'பாத்ஃபைண்டர்', மந்திரத்தால் உண்டான இரும்பு வேறு பொருள் செய்யப் பயன்படாது, விற்கவும் முடியாது என்று அம்மந்திரத்தின் விளக்கத்திலேயே ஒரு வாக்கியத்தைச் சேர்க்க வேண்டியதாயிற்று. ஏன் விற்க முடியாது என்பதற்குக் காரணம் சொல்லப்படவில்லை. ஆர்ஸ் மாஜிகாவில் இத்தகைய தடை உலகின் இயல்பிலிருந்து பிறந்தது. இங்கு அது அரசாணையைப் போல மேலிருந்து இறங்கியது.

தொடரும் ஒளிக்கும் மூன்றாம் பதிப்பு விலை வைத்தது. 'தொடரும் சுடர்' என்று பெயர் மாறிய அம்மந்திரத்துக்கு ஐம்பது பொன் மதிப்புள்ள மாணிக்கத் தூள் வேண்டும் என்றானது. ஐம்பது பொன் கூலியாளின் ஐந்நூறு நாள் ஊதியம். ஒரு மணி நேரம் எரியும் பந்தம் ஒரு செம்புக்காசு. ஐம்பது பொன்னுக்கு ஐயாயிரம் பந்தங்கள் வாங்கலாம். இரவைப் பத்து மணி நேரமாகக் கொண்டால் அவை ஐந்நூறு இரவுகளுக்கு வரும். எனவே மந்திரவாதியின் கூலியைத் தள்ளிவைத்துப் பார்த்தால், ஒன்றரை ஆண்டு பொறுக்கக்கூடிய நகராட்சி எதற்கும் மாணிக்கத் தூள் இன்னும் ஆதாயமே. ஏழையின் குடிசைக்கு மந்திர விளக்கு எட்டாமல் போயிற்று. நகரத் தெருவுக்கு எட்டாமல் போகவில்லை.

அத்தெருவை எழுதிக்காட்டியவர் கீத் பேக்கர். புதிய கற்பனை உலகம் ஒன்றுக்காக டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் உரிமையாளரான விஸார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனம் 2002-இல் நடத்திய போட்டிக்கு ஏறத்தாழ 11,000 முன்மொழிவுகள் வந்தன. அவற்றுள் தேர்வான அவருடைய 'எபெரான்' 2004-இல் நூலாயிற்று. அங்குத் தெருவிளக்குகள் தொடரும் சுடரால் எரிகின்றன. மின்னல் ஆற்றலால் ஓடும் தொடர்வண்டியைப் பரம்பரை வணிகக் குடும்பம் ஒன்று நடத்துகிறது. மருத்துவம் இன்னொரு குடும்பத்தின் கையில். இரண்டொரு சிறு மந்திரங்களை மட்டும் கற்று, விளக்குச் செய்வதையோ பூட்டுப் போடுவதையோ பிழைப்பாகக் கொண்ட தொழிலாளர் வகுப்பு ஒன்றும் அங்கு உண்டு. இவ்வுலகின் மந்திரம் உயரமானது அன்று, அகலமானது என்பது பேக்கர் கொடுத்த விளக்கம்: மலையைப் பெயர்க்கும் மந்திரவாதிகள் அரிது, அடுப்பு மூட்டும் மந்திரம் தெரிந்தவர் தெருவுக்கு ஒருவர். நூற்றாண்டுப் போர் ஒன்று அண்மையில் முடிந்திருக்கிறது என்பதும் கதையின் முக்கியமான பகுதி. போருக்காகச் செய்யப்பட்ட உயிருள்ள பொறிமனிதர்கள் அமைதிக் காலத்தில் வேலை தேடி அலைகின்றனர். ஸ்டாஃபர்ட் கோயில் வழியாகச் செய்த பகிர்வைப் பேக்கர் தொழிற்சாலை வழியாகச் செய்தார் என்று கொள்ளலாம். ஆனால் குளோராந்தாவின் இடையர் தம் தெய்வத்தோடு உறவு வைத்திருந்தார். எபெரானின் நகரவாசி மந்திரத்தை வாங்கும் வாடிக்கையாளர் மட்டுமே.

2014-இல் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் ஐந்தாம் பதிப்பு இக்கணக்குகளில் பெரும்பாலானவற்றை அமைதியாகக் கைவிட்டது. தொடக்க நிலை மந்திரவாதியே செலவின்றி எத்தனை முறையும் ஒளி உண்டாக்கலாம். பல இனத்தார்க்கு இருளிலும் கண் தெரியும். ஆட்டக்காரர்கள் உணவுப் பொதியைக் குறித்துவைப்பது அரிதாயிற்று. அதற்கு எதிர்வினையாக, 1970-களின் ஆட்டமுறைக்குத் திரும்ப விரும்பியோர் நடத்திவந்த இயக்கம் வலுப்பெற்று, 2023-இல் கெல்சி டியோன் எழுதிய 'ஷேடோடார்க்' வெளிவந்தது. அதில் ஆட்டக்காரரின் மாந்தர் எவருக்கும் இருளில் கண் தெரியாது. பந்தம் ஒன்று மேசையைச் சுற்றி அமர்ந்திருப்போரின் கடிகாரப்படி ஒரு மணி நேரம் எரியும். பேச்சை வளர்த்தால் பந்தம் அணையும் என்பதால் ஆட்டத்தின் வேகமே மாறுகிறது.

ஆயினும் ஷேடோடார்க் மீட்டெடுத்தது நிலவறையைத்தான். சிற்றூரின் கேள்வியை நேராக எடுத்துக்கொண்ட அண்மைக்கால நூல், ஸ்டாஃபர்ட் மறைந்த 2018-ஆம் ஆண்டிலேயே வெளிவந்த ரூன்குவெஸ்ட்டின் புதிய பதிப்பாகும். அதில் வீரச்செயல்கள் ஆண்டில் சில வாரங்களுக்கு உரியவை. மீதிக் காலத்தில் மாந்தர்கள் தத்தம் தொழிலைச் செய்கின்றனர். ஆண்டிறுதியில் வரும் புனித நாள்களில் அவ்வாண்டின் விளைச்சல் எப்படி என்று பகடை உருட்டிப் பார்த்து, குடும்பத்தின் வருமானத்தையும் செலவையும் ஆட்டக்காரர் கணக்கிட வேண்டும். நிலத்தாயை வழிபடுவோர் கற்கும் மந்திரங்களுள் பயிரை வாழ்த்தும் மந்திரமும் ஒன்று. அதைச் சொல்வதற்கு வேண்டிய தெய்வ ஆற்றலை வேறெதற்கும் செலவிடாமல் விதைப்புக் காலம்வரை வைத்திருப்பதா, அல்லது எல்லையில் நடக்கும் பூசலில் செலவிட்டுவிடுவதா என்பதை ஆட்டக்காரரே முடிவுசெய்கிறார்.